கண்ணாடிக்குள் ஒரு மலை

அந்த வீட்டில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி, சிலந்தி வலைகளைக் கலைக்கக் கூடாது என்பது. இத்தனைக்கும் வீட்டைத் துப்புரவாக்கத்தான் என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டின் இலையுதிர்காலம் அது. கணவர், நான், கைக்குழந்தையான மகள் என்று மூன்று பேரும் சில்க்போர்க் நகரத்தில் ஒரு மாடிக்குடியிருப்பில் இருந்தோம். மகள் டென்மார்க்குக்கு வந்த பிறகு பிறந்தவள். கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. எனக்கு டெனிஷ் படிப்பித்த ஆசிரியைக்கு ஒரு சிநேகிதி இருந்தார். நகரத்துக்கு வெளியே, ஏரிக்கு மேலே ஒரு வீட்டில் தனியாக இருப்பவர். வாரத்தில் சில நாட்கள் அவருக்கு உதவிக்கு ஆள் வேண்டும், குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாம், போனால் மொழியும் வந்துவிடும் என்று ஆசிரியை சொன்னார். எனக்கும் நாள் முழுக்க நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது அலுத்திருந்தது. சம்மதித்தேன்.

பேருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும். அந்தப் பக்கத்தை டெனிஷ்காரர் மலைநாடு என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏழெட்டுத் தென்னைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எட்டிவிடக்கூடிய ஒரு மேட்டுக்கு அவர்கள் வானமலை என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டையான யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு அதுவும் மலைதான்.

ஆசிரியையின் சிநேகிதிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். உயரம், மெலிவு, எப்போதும் கம்பளிச் சட்டை. தென்னமெரிக்காவில், எக்குவடோர் நாட்டு மலைகளில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பல வருடங்கள் தாதியாக வேலை செய்தவர். டென்மார்க்கில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். என் வாயில் அது வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிகளில் தாதிமாரை மிஸி என்போம். நானும் அவரை மிஸி என்றே கூப்பிட்டேன். அவர் ஏனென்று கேட்காமல் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

மிஸியின் வீட்டில் மூலைக்கு மூலை வலை தொங்கியது. யன்னல்களில், விளக்குகளில், படிக்கட்டின் கைப்பிடிகளுக்கு இடையில். குளியலறைக்குப் பக்கத்து அறையில் கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குள் அழுகிய வாழைப்பழம், அதன்மேல் கடுகு சிந்தியதுபோல் சின்னச் சின்ன ஈக்கள். போத்தல் வாய்களைப் பழைய காலுறைத் துணியால் கட்டியிருந்தார். முதல் நாள் அதைப் பார்த்ததும், இந்த மனுசிக்குப் புத்தி சரியில்லை, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஏறினால் ஒரு கண்ணாடி வீடு. கதவுக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் இன்னொரு கதவு. உள்ளே போனதும் முகத்தில் ஈரப் புகை அடித்தது. பாசி படர்ந்த மரங்கள், குழல்போலத் தொங்கும் சிவப்புப் பூக்கள். முதலில் ஒரு சத்தம்தான் கேட்டது. எங்கேயோ ஒரு மின்கம்பி அதிர்வதுபோல. பிறகு அது என் காதருகே வந்து நின்றது. திரும்பினேன். காற்றில் ஒரு பறவை அசையாமல் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டெனிஷில் அதைக் கொலிபிறி என்பார்கள். தமிழில் ஓசனிச்சிட்டு என்று பிற்பாடு எங்கேயோ வாசித்தேன். நம்மூர்த் தேன்சிட்டு பூவில் உட்கார்ந்து தேன் குடிக்கும். இது உட்காராது. காற்றிலேயே நின்று, நீண்ட மூக்கைப் பூவுக்குள் விட்டுக் குடித்துவிட்டு, பின்பக்கமாகவே பறந்துபோகும். சிலந்தி நூலால்தான் கூடு கட்டும். குஞ்சு வளர வளர கூடும் இழுபட்டு விரிவதற்கு அந்த நூல் வேண்டுமாம். ஈக்கள் அவற்றின் சாப்பாடு. வீட்டிலிருந்த எல்லாமே அவற்றுக்காகத்தான் என்று தெரிந்த பிறகு எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. கவர்விட்ட ஒரு குச்சியால் வலைகளைச் சுற்றி எடுத்துக் கண்ணாடி வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது என் வேலைகளில் ஒன்றாயிற்று.

ஆனால் அந்தப் பறவைகளோடு எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. படத்தில் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று ஆகாது. ஒவ்வொன்றும் ஒரு பூச்செடியைத் தன்னுடையதென்று காவல் காக்கும். இன்னொன்று கிட்ட வந்தால் மூக்கை ஈட்டிபோல நீட்டிக்கொண்டு நெஞ்சைப் பார்த்துப் பாயும். சோடியாக இருப்பதுகூடக் கிடையாது. தாய் தனியாகக் கூடு கட்டித் தனியாகக் குஞ்சு வளர்க்கும். சினேகம் என்று ஒன்றை அவற்றிடம் நான் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, பறவைகள் குடிக்கும் சீனித்தண்ணீர்க் குழாய்களை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பறவை நேரே என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. அதன் சிறகுக் காற்று கண்ணிமையில் பட்டது. மூக்கு என் இரு புருவங்களுக்கும் நடுவே.

"அசையாதே," என்றார் மிஸி, பின்னாலிருந்து. "அது உன்னைப் பூவென்று நினைக்கிறது."

நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன். நனைந்த நூல்போல ஏதோ ஒன்று பொட்டைத் தொட்டது. அதன் நாக்கு. ஒரு தடவை, இரண்டு தடவை. உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பின்வாங்கிப் போயிற்று. நான் கழுவும் தொட்டிக்குப் போய் நெற்றியைக் கழுவிக்கொண்டேன்.

அதன்பிறகு கண்ணாடி வீட்டுக்குள் போகுமுன் பொட்டைக் கழற்றிக் கதவுச் சட்டத்தில் ஒட்டிவிட்டுப் போவேன். அதைக் கணவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சாமி, சாத்திரம் என்று அதிகம் பார்ப்பவர் இல்லை. என்றாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

"பொட்டைக் கழட்டாதையும்," என்றார். "வேணுமெண்டால் நெத்தியை மறைச்சுத் துணியைக் கட்டும்."

அப்படியே செய்தேன். ஆனாலும் ஒரு பறவை ஞாபகம் வைத்திருந்தது. துணிக்குப் பின்னால் பூ இருந்த இடம் அதற்குத் தெரியும். நான் உள்ளே போகும்போதெல்லாம் வந்து, துணிக்கு முன்னால் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகும்.

கண்ணாடி வீட்டில் இரண்டு அறைகள். கீழறை வெதுவெதுப்பானது. மேலறையில் மிக உயரமான மலைகளில் வாழும் பறவைகள். அங்கே பூச்செடிகள் குறைவு. பின்சுவர் முழுக்கக் கருங்கல்லை அடுக்கி, நடுவில் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக் குடைந்து வைத்திருந்தார். டென்மார்க்கின் குளிர்காலப் பகல் அந்தப் பறவைகளுக்குப் போதாது. அதனால் விடியுமுன்பே விளக்குகள் எரியத் தொடங்கும். பின்னேரம், நான் பேருந்துக்குப் புறப்படும் நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாகத் தானாகவே அணையும். ஒவ்வொரு விளக்கு அணையும்போதும் சிறகுகளின் இரைச்சல் ஒரு படி இறங்கும். கடைசி விளக்கோடு முழுதாக நின்றுவிடும். பகல் முழுக்கக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அறுந்ததும், காது அடைத்துப்போனதா என்று விழுங்கிப் பார்ப்பேன்.

அப்படி ஒரு பின்னேரம் மேலறைக்குள் வாளியை விட்டுவிட்டேன் என்று திரும்பிப் போனேன். மிஸி சூட்டையும் நிறுத்தியிருந்தார். என் மூச்சு புகையாகப் போயிற்று. கல்லுச் சுவரில் பறவைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் மூக்கை நேரே மேலே நீட்டி, கண்களை மூடி, இறகு சிலிர்த்து உருண்டைகளாக. ஒன்று மட்டும் ஒரு காலால் தலைகீழாகத் தொங்கியது. விரலால் தொட்டேன். அசையவில்லை. குளிர்ந்திருந்தது. கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஓடிப்போய் மிஸியிடம் சொன்னேன். எல்லாம் செத்துவிட்டன என்றேன். அவர் சிரித்தார். அவை தூங்குகின்றன என்றார். மலையில் இரவு உறைபனி விழும். அந்தச் சின்ன உடம்பு இரவு முழுக்கச் சூடாக இருக்க வேண்டுமானால் விடியுமுன்பே அதன் பலமெல்லாம் எரிந்து முடிந்துவிடும். அதனால் பொழுதுபட்டதும் அது தன் சூட்டை அணைத்துவிடுகிறது. இதயம் அடிப்பது தெரியாது. மூச்சும் விட்டுவிட்டுத்தான் வரும். காலையில் நடுங்கி நடுங்கித் தன்னை மறுபடி சூடாக்கிக்கொண்டு எழும்பும்.

அந்தக் கல்லுக்குகை எதற்கு என்றும் அன்றுதான் சொன்னார். எக்குவடோரில் ஒரு பின்னேரம், நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வரும்போது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டதாம். ஒரு குகைக்குள் ஒதுங்கினார். உள்ளே இருட்டு. வழுக்காமல் இருக்கச் சுவரில் கையை ஊன்றினார்.

"சுவர் மெத்தென்று இருந்தது," என்றார். "சுவரில் மயிர் இருந்தது."

தீக்குச்சி கிழித்துப் பார்த்தபோது, கைக்கெட்டும் இடமெல்லாம் மூக்கை மேலே நீட்டிய பறவைகள். ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காலைவரை அங்கேயே இருந்தாராம். வெயில் குகை வாசலைத் தொட்டதும் அது கைக்குள் நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கத்தை மறக்க முடியாமல்தான் ஊருக்குத் திரும்பியதும் இவற்றை வளர்க்கத் தொடங்கினாராம்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் குழந்தைகளைப் பகலில் வெளியேதான் தூங்க வைப்பார்கள். பனி கொட்டினாலும் தள்ளுவண்டிலுக்குள் இறகுப் போர்வையால் சுற்றித் தோட்டத்திலோ வாசலிலோ விட்டுவிட்டுத் தாய்மார் உள்ளே கோப்பி குடிப்பார்கள். முதல் குளிர்காலத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் முன்னால் வெண்பனிக்குள் பத்துப் பன்னிரண்டு வண்டில்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். ஆள் இல்லை, சத்தம் இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

மிஸியும் என் மகளை அப்படியே விடச் சொன்னார். குளிர்காற்றில் தூங்கும் பிள்ளைக்கு நெஞ்சு பலப்படும், நன்றாகவும் தூங்கும் என்றார். பிள்ளையைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் குழந்தைகள் தாதியும் அதையே சொன்னார். கணவரின் தொழிற்சாலையிலும் எல்லாரும் அதையே சொன்னார்கள். நானும் விட்டேன். ஆப்பிள் மரத்தடியில் வண்டில் நிற்கும். சீனித்தண்ணீர் காய்ச்சும் குசினியின் யன்னலால் பார்த்தால் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். சிவந்த கன்னம், மூடிய கண், மூக்கிலிருந்து மெல்லிய புகை. அந்தப் புகையைப் பார்த்தால்தான் திரும்பி உள்ளே வருவேன்.

தை மாதத்தில் அது நடந்தது. நல்ல குளிர். ஏரி உறைந்துபோயிருந்தது. நான் வந்து சேர்ந்தபோது மிஸி குசினியில் ஒரு பறவையைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தார். காலையில் மேலறைத் தரையில் கிடந்ததாம். மற்றவையெல்லாம் எழும்பிவிட்டன, இது எழும்பவில்லை. கையில் வைத்துச் சூடாக்கினார். வாயால் ஊதினார். மூக்கைச் சீனித்தண்ணீரில் தோய்த்தார். அவர் வழமையாகச் செய்வது அதுதான். ஒரு கோப்பி குடித்து முடிக்கும் நேரம் கைச்சூட்டில் வைத்திருந்தும் அசையாவிட்டால் அது செத்ததென்று கணக்கு. செத்தவற்றைக் காகிதத்தில் சுற்றி, நிலவறையில் இருந்த உறைபெட்டியில் வைப்பார். தலைநகரில் பறவைகளைப் பதப்படுத்திப் பாடம் செய்யும் ஒருவருக்கு வருடத்துக்கு ஒருமுறை கொடுப்பார்.

கோப்பி முடிந்தது. பறவையை மேசையில் வைத்தார். அதைச் சுற்றிக் கீழே கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டு, பல்வைத்தியரிடம் போக வேண்டுமென்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் கைகளெல்லாம் சீனிப்பாகு. அடுப்பில் அடுத்த நாளுக்கான சீனித்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மகளுக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்து, வெளியே விட்டிருந்தேன். பாத்திரத்தை இறக்கி, கையைக் கழுவி, பறவையை எடுத்தேன். பாரமே இல்லை. வெண்காகிதத்தில் வைத்து உருட்டி, இரண்டு பக்கத்தையும் முறுக்கினேன். படியிறங்கப் போனேன்.

ஒரு சத்தம் கேட்டது. சைக்கிள் ரியூப்பில் ஊசிமுனை ஓட்டையால் காற்றுப் போவதுபோல, மெல்லிய, நீளமான சீழ்க்கை. அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அடுப்பின்மேல் ஒன்றும் இல்லை. சத்தம் நின்றது. மறுபடி வந்தது. என் கைக்குள்ளிருந்து வந்தது.

பிறகு காகிதம் நடுங்கியது.

அதை மேசையில் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். முறுக்கிய காகிதம் தானாகவே மேசையில் நகர்ந்தது. கொஞ்சம் நகரும், நிற்கும், சீழ்க்கை அடிக்கும், மறுபடி நகரும். போய்ப் பிரிக்க வேண்டும் என்று தெரிகிறது. கால் வரவில்லை. விளிம்புக்கு வந்து விழப்போன சமயத்தில்தான் பாய்ந்து பிடித்துப் பிரித்தேன். பறவை ஒரு கண்ணைத் திறந்திருந்தது. மற்றக் கண் மூடியிருந்தது. உடம்பு முழுக்க ஒரே நடுக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றக் கண்ணும் திறந்தது. எழும்பிப் பறந்து, கூரையைச் சுற்றி வந்து, என் முகத்துக்கு நேரே நின்றது.

அந்தக் கணம் எனக்கு மகளின் நினைவு வந்தது.

சப்பாத்தும் போடாமல் பனிக்குள் ஓடினேன். வண்டிலின் முகப்பைத் தள்ளினேன். மகள் கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு கொஞ்சம் திறந்திருந்தது. மூக்கில் புகை இல்லை. கன்னத்தைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. இன்றும் என் விரல் நுனிக்கு அந்தக் குளிர் தெரியும். இரண்டு கையாலும் வாரி எடுத்தேன். தலை பின்பக்கமாகத் தொங்கியது. உலுக்கினேன். அவள் முகத்தைச் சுளித்தாள், மூச்சை உள்ளே இழுத்தாள், பிறகு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினாள். தூங்கிய பிள்ளையை எழுப்பிவிட்டேன், அவ்வளவுதான். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

மிஸி திரும்பி வந்தபோது நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து மகளைச் சட்டைக்குள் விட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். பறவை திரைச்சீலைக் கம்பியில் இருந்தது. மேசையில் பிரிந்த காகிதம். நான் எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன்.

"செத்தது. சாகவில்லை."

அவர் பறவையைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். ஒரு குழாயில் சீனித்தண்ணீரைக் காட்டிப் பறவையைப் பிடித்துக் கண்ணாடி வீட்டில் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. நேரே நிலவறைக்கு இறங்கினார். ஒரு தகரப்பெட்டியோடு ஏறி வந்தார்.

மேசையில் பத்திரிகைத் தாள்களை விரித்தார். பெட்டிக்குள் இருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தார். உறைந்த பறவைகள் தாளில் விழும்போது கூழாங்கல் விழும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். அடுப்புக்கு விறகு போட்டார். யன்னலை இறுக்கிச் சாத்தினார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

என் பேருந்து போய்விட்டது. எழும்பிப் போக மனம் வரவில்லை. மகளோடு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. குசினி சூடாகச் சூடாகப் பறவைகளின் மேலிருந்த வெண்மை கரைந்தது. இறகு நனைந்தது. தொண்டை இறகுகளில் பச்சையும் ஊதாவும் ஏறின. அடுப்பில் நெருப்பு அசையும்போது அந்த நிறங்களும் அசைந்தன. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று தலையைத் திருப்பியதுபோல இருக்கும். உற்றுப் பார்ப்பேன், திருப்பியிருக்காது. வரிசையின் நடுவே ஒன்றின் கால், மூடியிருந்த விரல்கள், மெதுவாகத் திறந்தன. நான் மிஸியின் கையைப் பிடித்துவிட்டேன்.

"பனி கரைகிறது," என்றார் அவர். ஆனால் அவருடைய கையும் குளிர்ந்திருந்தது.

மிஸி பறவைகளிடமிருந்து கண்ணை எடுக்காமல், அந்த மலை ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னார். வைத்தியர் எப்போதாவதுதான் வருவார். இரவில் அவர் மட்டும்தான். சூடில்லாத அறைகள், எண்ணெய் விளக்கு. நாடி பிடித்துப் பார்ப்பார். மூக்குக்கு முன்னால் கண்ணாடி பிடிப்பார். கண்ணை மூடிவிட்டு வெளியே போய், முடிந்துவிட்டது என்று வீட்டாரிடம் சொல்வார். அவர்கள் மறுநாளே கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்கள். குழந்தைகளும் அதில் இருந்தன.

"அங்கே நான் ஒருநாளும் பிழைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்," என்றார்.

மனிதன் பறவை அல்ல என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்கும் தெரிந்ததுதான். என்னிடம் அதற்கான டெனிஷும் இருக்கவில்லை. நான் மகளைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. அவர் குனிந்து, அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மகள் அவருடைய நரைத்த மயிரைப் பிடித்து இழுத்தாள்.

பறவைகள் எழும்பவில்லை. முழுதாக இருட்டிய பிறகும் ஒன்றும் எழும்பவில்லை. என்றாலும் மிஸி அவற்றைப் பெட்டியில் போடவில்லை. என்னையும் மகளையும் காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, பறவைக்கும் பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்றார்.

"இஞ்ச எல்லாரும் வெளியாலதானே படுக்க விடுகினம்," என்றார். "அவையின்ரை பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

"விடட்டும்," என்றேன். "என்ரை பிள்ளை இனி உள்ளுக்குத்தான் படுக்கும்."

அன்றிரவு அவர் பிள்ளையின் தொட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு படுத்தார். குழந்தைகள் தாதி அடுத்த முறை வந்து கேட்டபோது, "ஓம், ஓம், வெளியாலதான்," என்று தமிழிலேயே சொல்லித் தலையாட்டி அனுப்பிவைத்தவரும் அவர்தான்.

நான் மிஸியிடம் போவதை நிறுத்தவில்லை. ஆனால் அந்த வீடு மாறிவிட்டது. அதன்பிறகு செத்த எந்தப் பறவையையும் அவர் உறைபெட்டியில் வைக்கவில்லை. குசினி யன்னலடியில் ஒரு தட்டில் வைத்திருப்பார். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். மணக்கத் தொடங்கினால்தான் எடுத்துக்கொண்டு போவார். அந்த நாற்றத்தைத் தவிர வேறெதையும் அவர் நம்பவில்லை. நான் சாமான் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் அந்தத் தட்டு இருக்கும். பத்துத் தடவை திரும்பிப் பார்ப்பேன். காகிதத்துக்குள்ளிருந்து எழும்பிய பறவை மேலறையில் மற்றவையோடு மற்றவையாகப் பறந்து திரிந்தது. எது அது என்று எனக்குத் தெரியாது. மிஸிக்குத் தெரிந்திருந்தது. அது பக்கத்தில் வந்து நின்றால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்.

பங்குனியில் பனி கரைந்த பிறகு ஒரு நாள், ஜெர்மனியில் இவ்வகைப் பறவைகளை வளர்க்கும் ஒருவருக்கு எல்லாவற்றையும் கொடுக்கப்போவதாகச் சொன்னார். மின்சாரச் செலவு, வயது என்று காரணம் சொன்னார். நான் ஏனென்று கேட்டிருக்கவே இல்லை.

அந்த மனிதர் ஒரு மூடிய வான் வண்டியில் வந்தார். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே மெல்லிய துணி. பெட்டிகளை இருட்டாகவும் குளிராகவும் வைத்திருந்தால் வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வரும், சாப்பாடும் வேண்டாம், அடிபடவும் மாட்டா என்றார். மிஸி பிடித்துக் கொடுக்க, நான் பெட்டிகளை வானில் அடுக்கினேன். முதலில் பெட்டிகளுக்குள் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. கடைசிப் பெட்டியை வைக்கும்போது முதல் பெட்டிகள் அடங்கியிருந்தன. வான் புறப்படுமுன் மிஸி ஒரு பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, போகலாம் என்று கையைக் காட்டினார். என்ன கேட்டது என்று அவர் சொல்லவில்லை.

சூடும் விளக்கும் நிறுத்திய கண்ணாடி வீடு கொஞ்ச நாள் வெறுமையாகக் கிடந்தது. சித்திரையில் மிஸி மேலறைக் கற்களைப் பிரித்து வெளியே போட்டுவிட்டு மண்ணைக் கொத்தித் தக்காளி நட்டார். தகரப்பெட்டிப் பறவைகளும், தட்டில் காத்திருந்தவையும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். அந்த மண்ணைக் கொத்தும்போது நானும் கூடத்தான் நின்றேன். செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன.

கோடையில் ஒரு பை நிறையத் தக்காளி தந்து அனுப்பினார். சமைக்குமுன், அது எந்த மண்ணில் காய்த்தது என்று கணவரிடம் சொன்னேன். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெட்டச் சொன்னார். தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தேன். நான் மனமில்லாமல் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன், அவளுக்குச் சொதி விடாமல். அவர் கோப்பையை வழித்துக் குடித்துவிட்டு, "நல்ல புளிப்பு," என்றார். இன்னும் கொஞ்சம் விடச் சொல்லிக் கோப்பையை நீட்டினார்.